ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் தருகிறது, பிறகு ஏன் திங்கட்கிழமை வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை?

கேள்வி இதுதான்: பத்து வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். தினமும் வேலைக்கு எடுத்துப் போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. வெள்ளி மாலை நிறுத்திவிட்டுத் திங்கள் காலை சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'டிக் டிக்' என்று அடிப்பதோடு சரி. எட்டு மாதத்தில் இது இரண்டாவது பேட்டரி. எலெக்ட்ரீஷியன் இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "14.2 வருது, டைனமோ நல்லா இருக்கு, பேட்டரிதான் வீக்" என்கிறார். மூன்றாவது பேட்டரி வாங்கலாமா?

வாங்காதீர்கள். அந்த 14.2 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இன்ஜின் ஓடும்போது, அந்த நிமிடத்தில், ஆல்டர்னேட்டர் (எலெக்ட்ரீஷியன் டைனமோ என்பது இதைத்தான்) மின்சாரம் தயாரிக்கிறது. வண்டி நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. உங்கள் கோளாறோ வண்டி நிற்கும்போதுதான் வேலை செய்கிறது.

மீட்டரைத் தொடுவதற்கு முன்பே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளி இரவு ஏழிலிருந்து திங்கள் காலை எட்டு வரை 61 மணி நேரம். இந்த அளவு வண்டியில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் ஏறக்குறைய 35 மணி நேரம் தரக்கூடியது. அதில் பாதிக்கு மேல் காலியாகிவிட்டால் செல்ஃப் சுற்றத் திணறும். ஆக, 61 மணி நேரத்தில் ஏறக்குறைய 18 ஆம்பியர்-அவர் போயிருக்கிறது. வகுத்தால் 0.3 ஆம்பியர். இதுதான் குறைந்தபட்சம், அதற்கு மேலும் இருக்கலாம். நல்ல நிலையில் உள்ள கார், கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் நினைவகம் எல்லாம் சேர்த்து 0.02 முதல் 0.05 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தக் கணக்கில் 61 மணி நேரத்துக்கு அதிகபட்சம் 3 ஆம்பியர்-அவர் அளவுதான் போகும். உங்கள் வண்டியில் அதைவிடப் பல மடங்கு போகிறது. தினமும் ஓட்டினால் தெரியாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே. ஒரு இரவில் போவது நாலைந்து ஆம்பியர்-அவர்தான், மறுநாள் ஓட்டத்தில் அது திரும்ப ஏறிவிடும்.

இந்தக் கணக்கு சரியா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பேட்டரியை வெளிச் சார்ஜரில் வைத்து முழுக்க ஏற்றுங்கள். ஆல்டர்னேட்டரை நம்பி விடாதீர்கள். நன்றாக இறங்கிய பேட்டரியை அரைமணி ஓட்டம் நிரப்பாது. சார்ஜரை எடுத்த கையோடு அளந்தால் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும், அது மேலோட்டமான சார்ஜ். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சிறிது நேரம் கழித்து அளந்தால் வருவதே உண்மை. 12.6, 12.7 என்றால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்தான் மிச்சம். இப்போது பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, சனி ஞாயிறு அப்படியே விடுங்கள். ஸ்டீரியோவுக்குப் பாஸ்வேர்டு இருந்தால் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள் காலை 12.5க்குக் குறையாமல் இருந்து, டெர்மினலை மாட்டியதும் செல்ஃப் நன்றாகச் சுற்றினால் பேட்டரி குற்றவாளி இல்லை, வண்டிதான் இழுக்கிறது. கழற்றி வைத்தும் 12.2, 12.0 என்று இறங்கியிருந்தால் பேட்டரிக்குள்ளேயே ஒரு செல் போயிருக்கிறது. வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். மீட்டர் இல்லாதவர்கள்கூடச் செய்யக்கூடிய சோதனை இது. எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரி வாங்கும்வரை யாரும் இதைச் செய்துபார்க்கச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

சார்ஜ் குறைவாக ஏறுகிறதா என்ற கேள்வியையும் ஒரு பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். 14.2ஐ எந்த நிலையில் அளந்தார்கள் என்று கேளுங்கள். ஐட்லிங்கில், எல்லாம் அணைத்திருந்த நிலையில் என்றால் அது பாதிச் சோதனைதான். ஹெட்லைட் ஹை பீம், ஏசி புளோயர் முழு வேகம், பின் கண்ணாடி டிஃபாகர் எல்லாவற்றையும் போட்டு, இன்ஜினை 1500-2000 சுற்றில் பிடித்துக்கொண்டு பேட்டரி டெர்மினலில் அளங்கள். 13.5க்குக் கீழே போகக் கூடாது. போனால், அதே நிலையில் மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டர் பின்னால் இருக்கும் தடித்த வயரின் போல்ட்டிலும், கறுப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிலோ இணைப்பிலோ தடை இருக்கிறது. ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.2க்கு மேல் வரக் கூடாது. வந்தால் இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைப் பாருங்கள். பச்சை பூத்து, பாதி இழைகள் அறுந்து தொங்கும். பெல்ட் கிறீச்சிடுகிறதா, பளபளவென்று வழுவழுப்பாகிவிட்டதா என்றும் ஒரு பார்வை. புது வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜிங் வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும். அங்கே 13க்குப் பக்கத்தில் காட்டினாலும் பதற வேண்டாம், பிரேக் பிடிக்கும்போது 14.5க்கு மேல் போவதைப் பார்க்கலாம். உங்கள் வண்டி அந்த ரகமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் நிற்காவிட்டால் டைனமோ ஓகே என்று தீர்ப்பு. கார்புரேட்டர் காலத்தில் அது ஓடியிருக்கலாம். இன்றைய வண்டியில் அப்படிக் கழற்றும் நொடியில் ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜ் 40க்கு மேல்கூடத் துள்ளலாம். இன்ஜின் கம்ப்யூட்டர், ஸ்டீரியோ, ஆல்டர்னேட்டரின் சொந்த டையோடுகள் என்று எது போகும் என்று சொல்ல முடியாது. உங்கள் வண்டியில் யாராவது அதைச் செய்ய வந்தால் பானெட்டை மூடிவிடுங்கள்.

சரி, இப்போது முக்கிய வேலை: நிற்கும் வண்டி எவ்வளவு இழுக்கிறது என்று அளப்பது. சாதாரண மல்டிமீட்டர் போதும், ஆனால் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருக வேண்டும். தயாரிப்புதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். பானெட்டைத் திறந்து வையுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து, கதவு லாக்கின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி 'மூடியிருக்கிறது' என்று வண்டியை நம்பவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், நீங்கள் அதைத்தான் அளப்பீர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, சாவியை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரல் லாக் தானாகப் பூட்டிக்கொண்டு சாவி உள்ளே மாட்டினால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

நெகட்டிவ் கிளாம்ப்பைத் தளர்த்துங்கள், ஆனால் உடனே தூக்க வேண்டாம். மீட்டரின் சிவப்பு முனையை அந்தக் கேபிளிலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் முதலைக் கிளிப்பால் மாட்டிவிட்டு, பிறகு கிளாம்ப்பை மெதுவாக உருவுங்கள். இப்படிச் செய்தால் இணைப்பு ஒரு நொடிகூட அறாது. அறுந்து மறுபடி மாட்டினால் வண்டியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொண்டு ஒன்றிரண்டு ஆம்பியர் இழுக்கும், அதைப் பார்த்துத் திருட்டு கரண்ட் என்று முடிவுகட்டி விடுவோம். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். மலிவு மீட்டராக இருந்தால் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே இருக்காது, மீட்டரே போய்விடும்.

அரைமணி நேரம் காத்திருங்கள். வண்டி தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகலாம். முதலில் 0.8, 0.6 என்று காட்டும், பிறகு படிப்படியாக இறங்கும். 0.05க்குக் கீழே வந்து நின்றால் சரி. 0.3, 0.4 என்று நின்றுவிட்டால் நம் கணக்கு பலித்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து எல்லோரும் செய்வது ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது. அது பலன் தரும், ஆனால் பிடுங்கிச் செருகும்போது மறுபடி ஏதாவது விழித்துக்கொள்ளும். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு பக்கமும் குண்டூசி முனை அளவுக்கு உலோகம் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். ஃபியூஸ் வழியாகக் கரண்ட் போனால் மட்டுமே அங்கே வோல்ட்டேஜ் விழும். போகாவிட்டால் 0.0. எதையும் பிடுங்காமல் ஐந்து நிமிடத்தில் ஒரு பெட்டி முழுவதையும் பார்த்துவிடலாம். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டி, பானெட்டுக்குள் ஒரு பெட்டி, இரண்டையும் பாருங்கள். எல்லா ஃபியூஸும் ஒரே அளவில் காட்டாது, 10 ஆம்பியர் ஃபியூஸில் விழும் வோல்ட்டேஜ் 30 ஆம்பியர் ஃபியூஸில் விழாது. அதனால் எண்ணைவிட, எது சுழி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பத்து வருட வண்டியில் இந்த வழியில் சிக்கும் முதல் ஆள் பெரும்பாலும் வண்டி வாங்கிய பிறகு மாட்டிய ஸ்டீரியோ. அதற்கு இரண்டு பிளஸ் வயர்: மஞ்சள் எப்போதும் கரண்ட் இருப்பது, சிவப்பு சாவி போட்டால் மட்டும். நினைவகம் அழியாமல் இருக்க மஞ்சள் வேண்டும். மாட்டுகிறவர் அவசரத்தில் இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டால், திரை அணைந்திருந்தாலும் உள்ளே பாதி ஸ்டீரியோ விழித்தே இருக்கும். அதற்கடுத்து ஜிபிஎஸ் டிராக்கர், நேரடியாக வயர் இழுத்த டேஷ் கேமரா, ஆம்ப்ளிஃபையர், மூடினாலும் அணையாத டிக்கி விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). ரிலேயைக் கையால் தொட்டுப் பார்த்தாலே தெரியும். நிற்கும் வண்டியில் ஒரு ரிலே மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான்.

ஃபியூஸ்கள் எல்லாம் சுழி காட்டி, அப்படியும் 0.3க்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கிறதா? அப்படியென்றால் சாதாரண ஃபியூஸ் வழியாகப் போகாத ஒரு பாதை மிச்சம் இருக்கிறது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து தடித்த கேபிளாக ஆல்டர்னேட்டருக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் போகிற பாதை. உங்கள் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் ஆரம்பத்திலிருந்தே இங்கேதான்.

ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அதை டிசியாக்கி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) பேட்டரிக்கு அனுப்புவது உள்ளே இருக்கும் டையோடு தட்டு, பொதுவாக ஆறு பெரிய டையோடு. டையோடு என்பது ஒரு திசையில் மட்டும் கரண்ட்டை விடும் பாகம். அவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு: இன்ஜின் நின்ற பிறகு பேட்டரி கரண்ட் ஆல்டர்னேட்டருக்குள் திரும்பிப் போகாமல் தடுப்பது. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு செய்கிற அதே வேலை. ஃபுட் வால்வு லேசாகக் கசிந்தால் மோட்டார் ஓடும்போது தண்ணீர் ஒழுங்காகத்தான் வரும், நிறுத்திய பிறகு குழாயில் நிற்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிடும். டையோடு முழுக்க ஷார்ட் ஆனால் பகலிலேயே தெரிந்துவிடும்: ஆல்டர்னேட்டரில் ஊளைச் சத்தம், சார்ஜ் குறைவு. அரைகுறையாகக் கசிகிற டையோடுதான் ஏமாற்றும். அதோடு 14.2ம் வரும், இரவில் கரண்டும் போகும்.

பல பழைய வகை ஆல்டர்னேட்டர்களில், ரோட்டருக்கு (உள்ளே சுழலும் மின்காந்தம்) கரண்ட் கொடுக்க மூன்று சின்ன டையோடு தனியாக இருக்கும். அந்த வகை ஆல்டர்னேட்டரில் பாசிட்டிவ் பக்கத்துப் பெரிய டையோடு ஒன்று கசிந்தாலே போதும். பேட்டரி கரண்ட் அதன் வழியாக ஸ்டேட்டர் சுற்றுக்கு (ரோட்டரைச் சுற்றி அசையாமல் இருக்கும் கம்பிச் சுருள்) வந்து, சின்ன டையோடு வழியாக ரெகுலேட்டருக்கும் (வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம்) ரோட்டருக்கும் போய் எர்த் ஆகிவிடும். இன்ஜின் நிற்கிறது, சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது, ஆனால் ரோட்டர் காந்தமாகிக்கொண்டிருக்கிறது. மூன்று டையோடு இல்லாத புதுவகையில் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு பக்கமும் கசிய வேண்டும், அல்லது ரெகுலேட்டர் கெட்டிருக்க வேண்டும்.

இதற்கு மீட்டர் இல்லாத இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, இரவில் சாவியை முழுக்க எடுத்துவிட்டு மீட்டர் போர்டை உற்றுப் பாருங்கள். சிவப்புப் பேட்டரி விளக்கு மிக மங்கலாகக் கனன்றால் ஆல்டர்னேட்டர் பக்கம் கரண்ட் இருக்கிறது. பல்பு வகை விளக்கில்தான் இது தெரியும். கம்ப்யூட்டர் மூலம் எரிகிற எல்இடியில் தெரியாது. இரண்டு, சாவி இல்லாமல், ஒரு மெல்லிய இரும்பு ஸ்க்ரூடிரைவரை ஆல்டர்னேட்டரின் பின்பக்க பேரிங் மூடிக்கு அருகே கொண்டுபோங்கள். லேசாக ஒட்டுவது போல் இருந்தால் மிச்சக் காந்தமாக இருக்கலாம். கையிலிருந்து இழுக்கிற அளவுக்குப் பிடித்தால் ரோட்டரில் கரண்ட் ஓடுகிறது. சாவியை ஆன் செய்து ஒருமுறை, ஆஃப் செய்து ஒருமுறை என்று ஒப்பிட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும். ஆஃப் செய்தும் இழுப்பு அப்படியே இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் அந்தத் தடித்த பிளஸ் போல்ட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரில் உறுதி செய்ய: முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், இது கட்டாயம். ஆல்டர்னேட்டர் பின்னால் ரப்பர் தொப்பியை ஒதுக்கி, தடித்த வயரின் நட்டைக் கழற்றி, வயர் நுனியில் இன்சுலேஷன் டேப்பைத் தாராளமாகச் சுற்றுங்கள். நெகட்டிவை மாட்டியதும் அந்த நுனியில் நேரடிப் பேட்டரி கரண்ட் இருக்கும், பாடியில் பட்டால் பொறி பறக்கும். சின்ன கனெக்டரையும் உருவிவிடுங்கள். பிறகு முன்போலவே மீட்டரை வைத்து, அரைமணி காத்திருந்து பாருங்கள். 0.4 காட்டிய இடத்தில் 0.03 காட்டினால் விஷயம் முடிந்தது.

ஆல்டர்னேட்டர் மாட்டியிருக்கும்போதே அந்த 0.4 காட்டாமல் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. டையோடின் கசிவு சூட்டோடு ஏறும். விடியற்காலை குளிர்ந்த இன்ஜினில் அளந்தால் பாதிகூடத் தெரியாமல் போகலாம். அதனால் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, பானெட் சூடு ஆறுவதற்குள் ஒருமுறையும் ஆறிய பிறகு ஒருமுறையும் அளங்கள். ஸ்டீரியோ இழுப்பது சூட்டைப் பார்த்து மாறாது. சூட்டில் அதிகமாகவும் குளிர்ச்சியில் குறைவாகவும் இழுத்தால் அதுவே டையோடு பக்கம் கை காட்டுகிறது.

சிலர் ரிப்பிள் (டிசியோடு கலந்து வரும் ஏசி) சோதனையைச் சொல்வார்கள். இன்ஜினை 2000 சுற்றில் வைத்து, ஹெட்லைட், புளோயர் போட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் அளப்பது. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5ஐத் தாண்டினால் டையோடு போயிருக்கிறது. இது பயனுள்ளதுதான். ஆனால் லேசான கசிவு இதில் தப்பிவிடலாம், அதனால் இதில் பாஸ் ஆனதை வைத்து ஆல்டர்னேட்டருக்கு நற்சான்று கொடுக்காதீர்கள். இன்னொன்று, மலிவு மீட்டர்கள் ஏசியில் வைத்தாலும் டிசியைக் கணக்கில் சேர்த்துக் காட்டும். இன்ஜின் நிற்கும்போது ஏசியில் வைத்துப் பேட்டரியைத் தொடுங்கள், முனைகளை மாற்றியும் ஒருமுறை தொடுங்கள். இரண்டில் ஒரு தடவை சுழி காட்டாவிட்டாலும் அந்த மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது.

டையோடுதான் என்று தெரிந்துவிட்டால் முழு ஆல்டர்னேட்டரையும் மாற்ற வேண்டிய அவசியமில்லை. டையோடு தட்டு தனியாகக் கிடைக்கும் மாடல்கள் நிறைய. நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பழைய தட்டிலிருந்து ஸ்டேட்டர் வயர்களைச் சால்டர் எடுத்துப் புதியதில் வைத்துவிடுவார். பிரித்தது பிரித்ததுதான், கார்பன் பிரஷ்ஷையும் இரண்டு பேரிங்கையும் அதே கையோடு மாற்றச் சொல்லுங்கள். பத்து வருட ஆல்டர்னேட்டரில் அவையும் ஆயுளின் கடைசியில்தான் இருக்கும். ரோட்டரின் ஸ்லிப் ரிங் (பிரஷ் உரசும் வளையம்) பள்ளம் விழுந்திருந்தால், அல்லது ஸ்டேட்டர் சுற்று கருகியிருந்தால் ரிப்பேருக்குச் செலவு செய்யாமல் மாற்றிவிடுவது நல்லது. ரீகண்டிஷன் செய்தது வாங்கினால், மாட்டிய அன்றே மறுபடி நிற்கும் கரண்டை அளந்துவிடுங்கள். பெயிண்ட் அடித்த பழைய டையோடு உள்ளே இருக்காது என்று உத்தரவாதம் கிடையாது.

பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் மாட்டித் தினமும் இரவு திருகி வைத்தால் போதாதா என்று நீங்களே அடுத்துக் கேட்கக்கூடும். பாகம் வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். கசியும் டையோடு அப்படியே நிற்காது, ஒரு நாள் முழுக்க ஷார்ட் ஆகி நடுவழியில் நிறுத்தும்.

கடைசியாக அந்த இரண்டாவது பேட்டரி. வாராவாரம் அடிவரை இறங்கிய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகியிருக்கும், கொள்ளளவு குறைந்திருக்கும். வண்டியைச் சரிசெய்த பிறகு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, கடையில் லோடு டெஸ்ட் வைக்கச் சொல்லுங்கள். அல்லது செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் சுற்றினால் அதையே ஓட்டலாம். விழுந்தால் அப்போது வாங்குங்கள் மூன்றாவது பேட்டரியை.